டாக்டர் பதில்: மூக்கில் வைரஸ் கிடைத்த பிறகும் குழாய் எதற்கு?

கேள்வி: தம்பிக்குக் கிட்னி மாற்றி ஏழு மாதம் ஆகிறது. பத்து நாளாக வறட்டு இருமல். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயும் தெளிவு. மூக்கில் எடுத்த பிசிஆரில் ரைனோ வைரஸ் என்று வந்துவிட்டது. ஆனாலும் சிடி ஸ்கேன், நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி என்கிறார்கள். சாதாரண ஜலதோஷ வைரஸுக்கு இதெல்லாம் வேண்டுமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ரைனோ இல்லை, அந்த மாடிப்படிதான். வெறும் ஜலதோஷத்தில் மூச்சு வாங்காது.

காய்ச்சல் இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். மாற்றிய உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்க ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் எடுப்பவருக்கு நுரையீரலில் கிருமி இருந்தும் உடம்பு சுடாமல் போகலாம். எக்ஸ்ரேயும் ஆரம்பத்தில் ஏமாற்றும். அதில் தெரியாத மங்கலான திட்டுகள் சிடியில் தெரியும்.

சரி, ரைனோ? எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருப்பவர்களின் மூக்கில் அது வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில்கூடத் தங்கிவிடும். பிசிஆர் அந்தப் பழைய மிச்சத்தையும் பிடித்துக் காட்டும். திருட்டு நடந்த தெருவில் நின்றவனையெல்லாம் திருடன் என்று எழுதிவிட முடியாதே. நேர்மாறாகவும் நடக்கும்: மூக்கில் ஒன்றும் இல்லை என்று வரும், வைரஸ் கீழே நுரையீரலில் இருக்கும்.

ஏழாவது மாதம் என்பதுதான் எனக்கு முக்கியம். சிஎம்வி என்ற வைரஸுக்குத் தடுப்பு மாத்திரையைப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் கொடுப்போம். நிறுத்திய பிறகுதான் அது தலைகாட்டும். கிட்னி கொடுத்தவருக்கு சிஎம்வி முன்பே இருந்து, தம்பிக்கு இல்லாமல் இருந்தால் ஆபத்து அதிகம். ஃபைலில் அது இருக்கும், கேட்டுப் பாருங்கள். ரத்தத்தில் சிஎம்வி பிசிஆர் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். வைரஸுக்கு எதிரான எதிரணுவைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். எதிரணுவைச் சரியாக உருவாக்க முடியாத உடம்பில் அது நம்பத்தக்கதில்லை.

இதே வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையிலும் வரும். காசநோயும் இருக்கலாம். நிராகரிப்பைத் தடுக்கும் சிரோலிமஸ் எடுத்தால் அந்த மாத்திரையே நுரையீரலைப் புண்ணாக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஊகித்து மருந்து கொடுத்தால், சிஎம்விக்கான கான்சிக்ளோவிர் வெள்ளணுவைக் குறைத்துவிடும், கிட்னியைப் பார்த்து அளவும் மாற்ற வேண்டும். அதனால்தான் பிராங்கோஸ்கோப்பி.

தொண்டையை மரத்துப்போகச் செய்து, மயக்கம் லேசாகக் கொடுத்து, மெல்லிய குழாய் வழியே உப்பு நீரை விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். அன்று மாலை லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம், பயப்பட வேண்டாம். ரத்தம் இளக்கும் மாத்திரை எடுத்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

அந்த நீரில் சிஎம்வி கிடைத்தாலும் எங்களுக்குள் வாதம் முடியாது, நோய் உண்டாக்காமலேயே அந்த வைரஸ் அங்கே இருக்கலாம். திசுவைக் கிள்ளி எடுத்து, ஆந்தைக் கண் போன்ற செல்களைப் பார்த்தால் சந்தேகம் இல்லை. ஆனால் கிள்ளுவதில் ரத்தக்கசிவும், நுரையீரல் சுருங்கும் ஆபத்தும் உண்டு. அதனால் பல நேரம் ஸ்கேன், ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு, நீரில் உள்ள அளவு மூன்றையும் வைத்தே முடிவெடுப்போம். தம்பியின் இடத்தில் நானே இருந்தாலும் குழாயைத் தள்ளிப்போட மாட்டேன்.

கேள்வி: கல்லீரல் மாற்றிய என் கணவருக்குச் சளி. வீட்டுக் கிட்டில் கோவிட் நெகட்டிவ். போதுமா?
– இன்னொரு வாசகி

பதில்: போதாது. வீட்டுக் கிட் பிசிஆர் அளவுக்கு நுட்பமானது இல்லை. ஃப்ளூ, ஆர்எஸ்வி என்ற இன்னொரு சுவாச வைரஸ் இவற்றையும் சேர்த்துப் பிசிஆர் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ளூ என்று பலமாகச் சந்தேகித்தால், ரிசல்ட் வரும்வரை காத்திராமல் ஒசெல்டாமிவிர் தொடங்கிவிடுவோம். அப்புறம், அவர் டாக்ரோலிமஸ் எடுக்கிறாரென்றால், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கையோ ரிடோனாவிர் கலந்த கோவிட் மாத்திரையையோ மாற்று அறுவைக் குழுவைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு தாறுமாறாக ஏறி, கிட்னியைப் பதம் பார்த்துவிடும்.