காரகல்லா குளியல் கூடம்: போகுமுன் சில கேள்விகள்

ரோமானியப் பேரரசர் காரகல்லாவின் பெயரில் ரோமில் இருக்கும் பழைய பொதுக் குளியல் கூடத்தின் இடிபாடுகளை நான்கு முறை சுற்றியிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாக வருகிறேன்.

ரோமில் இரண்டே நாள்தான். கொலோசியம், வாடிகன் போக இதற்கும் நேரம் ஒதுக்கலாமா?

ஒதுக்குங்கள். கொலோசியத்தில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. இங்கே பெரும்பாலும் கூட்டம் குறைவு. சிர்கோ மாசிமோ மெட்ரோவில் இறங்கினால் பத்துப் பதினைந்து நிமிட நடை. ஒன்றரை மணி நேரம் போதும். திங்கட்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும். கோடை என்றால் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். கூரைதான் எப்போதோ விழுந்துவிட்டதே, நிழலுக்கு எங்கே போவது?

போய்வந்த நண்பர் "வெறும் செங்கல் சுவர், ஏமாற்றம்" என்றார். உண்மையா?

அவரைக் குறை சொல்ல மாட்டேன், முதல் முறை எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கி.பி. 216-ல் இதைத் திறந்தபோது அந்தச் செங்கல் யார் கண்ணிலும் பட்டிருக்காது. உள்ளே கான்கிரீட், அதன்மேல் செங்கல், அதற்கும் மேல் பளிங்கு. பளிங்கையெல்லாம் பின்னால் வந்தவர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுவரில் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். பளிங்குப் பலகைகளைப் பிடித்திருந்த உலோகக் கொக்கிகள் இருந்த இடம் அவை. நான் அந்தத் துளைகளைப் பார்க்கத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

சிலைகளும் இங்கே இல்லை. 1540களில் போப் மூன்றாம் பால் தோண்டச் சொன்னபோது கிடைத்த, புராண வீரன் ஹெர்குலிஸின் பிரம்மாண்டமான சிலையும், காளைச் சிற்பமும் இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு பெரிய கருங்கல் தூண் புளோரன்ஸ் நகரச் சதுக்கம் ஒன்றில் நிற்கிறது. நேப்பிள்ஸ் போகும் திட்டமிருந்தால் இதைப் பார்த்துவிட்டு அங்கே போங்கள். அவ்வளவு பெரிய சிலைக்கு எவ்வளவு பெரிய கூடம் வேண்டும் என்பது அப்போது புரியும்.

இவ்வளவு பெரிய இடத்தை எப்படிச் சூடாக்கினார்கள்?

தரைக்குக் கீழே அடுப்பு. வெந்நீர் அறையின் தரை குட்டையான செங்கல் தூண்கள்மேல் நிற்கும். சூடான காற்று அந்தத் தூண்களுக்கு நடுவே ஓடி, சுவருக்குள் பதித்த, குழாய்போல் உள்ளே வெறுமையான ஓடுகள் வழியாக மேலே ஏறும். அடிமைகள் சுரங்கப்பாதைகளில் நின்று விறகு தள்ளினார்கள். வெந்நீர் அறை தென்மேற்கைப் பார்த்து இருப்பதைக் கவனியுங்கள். மக்கள் மதியத்துக்குமேல்தான் குளிக்க வருவார்கள். அந்நேரத்து வெயிலும் சேர்ந்து சூடாக்கும். தண்ணீர் வந்தது, ரோமுக்கு நீர் கொண்டுவந்த மார்சியா கால்வாயிலிருந்து இதற்கென்றே பிரித்த கிளையில்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்களாமே?

ஆமாம், ஆலிவ் எண்ணெய். ஆனால் சீயக்காய் கிடையாது. வளைந்த உலோகச் சுரண்டியால் எண்ணெயையும் அழுக்கையும் சேர்த்து வழித்துப் போடுவார்கள்.

பெண்களுக்கு அனுமதி இருந்ததா?

ரோமானியக் குளியல் கூடங்களுக்குப் பெண்களும் போனார்கள். நேரம் பிரித்துக் கொடுத்த ஊர்களும் உண்டு. இன்றைய போர்ச்சுகலில் இருந்த விபாஸ்கா என்ற சுரங்க ஊரின் வெண்கலப் பட்டயத்தில் அந்த விதி அப்படியே இருக்கிறது: காலையில் பெண்கள், பிற்பகலிலிருந்து ஆண்கள். கட்டணம் ஆண்களுக்கு அரை காசு, பெண்களுக்கு ஒரு காசு. காசு மட்டும் பெண்களுக்கு இரண்டு மடங்கு!

எப்போது கைவிடப்பட்டது?

537-ல் ரோமை முற்றுகையிட்ட கோத்தியர்கள் என்ற ஜெர்மானிய இனத்தவர் நீர்க்கால்வாய்களை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் நின்றது, குளியலும் நின்றது.

ஜூலையில் போகிறேன். ஓபரா நடக்குமாமே?

1937-லிருந்து கோடையில் திறந்தவெளியில் ஓபரா, அதாவது பாட்டாலேயே நடத்தும் நாடகம், நடப்பது வழக்கம். பவரோட்டி, டொமிங்கோ, கரேராஸ் என்ற புகழ்பெற்ற ஓபரா பாடகர்கள் மூவரும் 1990-ல் சேர்ந்து பாடியது இங்கேதான். 1960 ஒலிம்பிக்கின் ஜிம்னாஸ்டிக் போட்டிகளும் இந்தச் சுவர்களுக்கு நடுவேதான் நடந்தன. ஆனால் மேடையும் நாற்காலிகளும் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்ளும். பாட்டுக்காக என்றால் ஜூலை சரி, கட்டடத்துக்காக என்றால் வசந்தம்.

அங்கே இப்போது தண்ணீரில் இறங்கலாமா?

முடியாது. 2024-ல் ஆழமில்லாத குளம் ஒன்று அமைத்தார்கள், சுவர்களின் பிம்பம் அதில் தெரிவதைப் பார்க்கத்தான். ரோமானியர் கட்டிய குளத்தில் குளித்தே தீருவேன் என்றால் அல்ஜீரியாவின் கென்ஷேலாவுக்கு டிக்கெட் போடுங்கள். அங்கே வெந்நீர் ஊற்றின்மேல் கட்டிய குளத்தில் உள்ளூர்க்காரர்கள் இன்றும் குளிக்கிறார்கள்.