பி.இ. சிவிலுக்குப் பின் ரிமோட் சென்சிங், ஜிஐஎஸ் மேற்படிப்பு: மென்பொருள் கற்றால் போதாதா?

போதாது. ரிமோட் சென்சிங் என்பது செயற்கைக்கோள் போன்றவற்றால் தொலைவிலிருந்தே நிலத்தைப் படமெடுத்து ஆராய்வது; ஜிஐஎஸ் என்பது அந்தத் தகவலைக் கணினி வரைபடத்தில் சேர்த்து அலசுவது. க்யூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், அதை வீட்டிலிருந்தே பழகிவிடலாம். இரண்டு வருடம் கல்லூரிக்குப் போவது, படத்தில் தெரிவது ஏன் அப்படித் தெரிகிறது என்று புரிந்துகொள்ளத்தான்.

வெள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மழைமேகம் மூடியிருக்கும்போது, 10 மீட்டர் துல்லியம் கொண்ட சென்டினல்-2 செயற்கைக்கோளின் படத்தில்கூட வெறும் வெண்மைதான் கிடைக்கும். சென்டினல்-1 செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலையோ மேகத்தைத் துளைத்துப் போகும். அமைதியான நீர்ப்பரப்பு அந்த அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் வெள்ளம் கறுப்பாகத் தெரியும். ஆனால் வழவழப்பான தார்ச்சாலையும் கறுப்புதான்! கட்டடங்களுக்கு நடுவே தேங்கிய நீர் சில சமயம் வெளுப்பாகவே தெரியும். இது தெரியாமல் வரைபடம் போட்டால் மீட்புப் படகு தவறான தெருவுக்குப் போகும். அதனால் இயற்பியலையும் புள்ளியியலையும் தயவுசெய்து ஒதுக்காதீர்கள். பைத்தான் நிரல்மொழியும் வேண்டும்.

எங்கே படிக்கலாம்? அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே துறை இருக்கிறது. டேராடூனில் 1966 முதல் இயங்கும் ஐஐஆர்எஸ் (இந்தியத் தொலையுணர்வு நிறுவனம்) இஸ்ரோவின் நிறுவனம். முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் ஜியோமேட்டிக்ஸ் (நில அளவை, வரைபடத் தகவல் சார்ந்த பொறியியல்) 2022 முதல் தனித்தாளாகவே இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், களத்துக்குப் போய்ச் சரிபார்க்க வைக்கும் வழிகாட்டி இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.