செஸ் போட்டிச் செலவு: சுற்றை எண்ணாதீர்கள், கணக்கில் வரும் ஆட்டத்தை எண்ணுங்கள்

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. பள்ளிப் போட்டிகளில் தொடர்ந்து ஜெயிக்கிறாள். இனி ஃபிடே ரேட்டிங் (ஆட்டத் திறனுக்கு உலகச் செஸ் கூட்டமைப்பு தரும் தரப்புள்ளி) போட்டிகளுக்கு அனுப்பச் சொல்கிறார் பயிற்சியாளர். செலவை எப்படித் திட்டமிடுவது?

பதில்: போட்டி அறிவிப்பில் பெரிய எழுத்தில் இருப்பது பரிசுத்தொகை. அதை மறந்துவிடுங்கள்; முதல் வருடம் அது உங்கள் வரவுக் கணக்கில் வராது. நுழைவுக் கட்டணமும் செலவில் சிறிய பங்குதான். பத்து வயதுப் பெண்ணோடு பெரியவர் ஒருவர் போயே ஆகவேண்டும். இரண்டு பேருக்குப் பயணம், அறை, சாப்பாடு, போகிறவர் போடும் விடுப்பு என்று சேரும்போதுதான் தொகை ஏறுகிறது. 9 சுற்றுப் போட்டியில் தினம் இரண்டு சுற்று என்றால் ஐந்து நாளில் ஊர் திரும்பலாம். தினம் ஒன்று என்றால் ஒன்பது நாள். ஆட்டத்தின் தரத்துக்கு இரண்டாவதுதான் நல்லது, ஆனால் அறை வாடகை ஏறக்குறைய இரட்டிப்பு.

இனிதான் முக்கியமான கணக்கு. ரேட்டிங் இல்லாத இருவர் மோதினால் அந்த ஆட்டம் ரேட்டிங்குக்கு உதவாது. முதல் ரேட்டிங் வாங்க, ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். ஒரே போட்டியில் முடிக்க வேண்டும் என்றில்லை, 26 மாதத்துக்குள் சேர்த்தால் போதும். ஆனால் முதல் போட்டியில் அவர்களிடம் அரைப் புள்ளிகூட எடுக்காவிட்டால் அந்த ஆட்டங்கள் கழிந்துபோகும். 2024 மார்ச்சிலிருந்து ரேட்டிங்கின் அடிமட்டம் 1400. கணக்கு அதற்குக் கீழே வந்தால் ரேட்டிங்கே கிடைக்காது. அதாவது, தயாராகாத குழந்தையை அனுப்பினால் கட்டிய பணத்துக்கு அனுபவம் மட்டும்தான் மிச்சம். அதுவே போதும் என்றால் அதற்கு இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் பதிவுப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலான போட்டிகளின் பட்டியல் ரேட்டிங்கோடு இணையத்தில் இருக்கும். பாதிப் பேருக்கு எதிரே 0, அதாவது ரேட்டிங் இல்லை, என்று இருந்தால், கட்டணம் மலிவாக இருந்தாலும் அது விலை அதிகமான போட்டிதான். மொத்தச் செலவை 9-ஆல் வகுக்காதீர்கள். ஐந்து ஆட்டம்தான் தேறும் என்று தோன்றினால் 5-ஆல் வகுங்கள். இரண்டு போட்டிகளை இப்படி வகுத்துப் பார்த்தால் எது லாபம் என்று உடனே தெரிந்துவிடும். குறிப்பிட்ட ரேட்டிங்குக்குக் கீழே உள்ளவர்களுக்கான போட்டிகளில்தான் இந்தச் சிக்கல் அதிகம்.

ரேட்டிங் வந்தபிறகு நிலைமை மாறும். 18 வயதுக்குள், 2300-க்குக் கீழே இருக்கும்வரை கே மதிப்பு, அதாவது ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் ஏறவோ இறங்கவோ கூடிய உச்ச அளவு, 40. சமமான எதிராளியை ஜெயித்தால் 20 புள்ளி ஏறும். 400 புள்ளி கூடுதலாக உள்ளவரிடம் தோற்றால் போவது மூன்று புள்ளிதான், டிரா செய்தாலே 17 கிட்டும். அப்போது வலுவான ஓபன் போட்டிக்கு (எந்த ரேட்டிங் உள்ளவரும் ஆடலாம்) செலவழிப்பதில் அர்த்தம் இருக்கும்.

முதல் வருடம் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய இரண்டு மூன்று போட்டி போதும் என்பேன். மாதம் ஒன்று என்று ஓடும் பெற்றோரைப் பார்க்கிறேன். தோற்ற ஆட்டத்தை உட்கார்ந்து அலசக்கூட அந்தக் குழந்தைகளுக்கு நேரமில்லை. மிச்சமாகும் பணம் பயிற்சிக்குப் போகட்டும்.

உலக இளையோர் போட்டி என்று யாராவது ஆசை காட்டினால் ஒன்று கேளுங்கள்: அதிகாரப்பூர்வ வீரராகவா, கூடுதல் வீரராகவா? ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் பொதுவாக நாட்டுக்கு ஒருவரான அதிகாரப்பூர்வ வீரருக்குத்தான் அமைப்பாளர் தங்குமிடமும் சாப்பாடும் தருவார். கூடுதலாகப் போகிறவர்கள் சொந்தச் செலவில்தான் போகவேண்டும், உடன் போகும் பெற்றோரும் அப்படித்தான்.