ஒன்றரை லட்ச ரூபாய் சைக்கிளும் ஒரு போக்ஸ் கம்பியும்

கே: துறைமுகத்தில் வேலை, வயது 34. ஞாயிறுதோறும் எண்ணூர் வரைக்கும் சாதாரண கியர் சைக்கிளில் போய் வருவேன். அடுத்த பொங்கலுக்குச் சாமானைக் கட்டிக்கொண்டு கன்னியாகுமரிக்கே மிதித்துவிடலாம் என்று ஆசை. ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டில் "அந்தக் காசுக்கு வண்டியே வாங்கலாமே" என்று சண்டை. அப்படி அந்த டூரிங் சைக்கிளில் என்னதான் இருக்கிறது?
– வாசகர், தண்டையார்பேட்டை

ப: வீட்டில் கேட்பது சரியான கேள்விதான். கடைக்காரரிடமும் அதையே கேளுங்கள். பதிலுக்கு அவர் சைக்கிளை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினால், நீங்கள் தேடிப் போன சைக்கிள் அது இல்லை. எடை குறையக் குறைய விலை ஏறுவது ரேஸ் சைக்கிளில். டூரிங் சைக்கிள் கேரியர், மட்கார்டோடு 13 முதல் 15 கிலோ இருக்கும். காசு போகிற இடம் வேறு: சுமையோடு நாள் முழுக்க ஓடினாலும் கோணாத சக்கரம், ஆடாத ஃப்ரேம், மேட்டில் இறங்கித் தள்ள வைக்காத கியர்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. சில வருஷம் முன்பு ஒரு பெரிய கடையில் "டூரிங்குக்கும் இதே போதும் சார்" என்ற பேச்சை நம்பி ஒன்று வாங்கினேன். பின்சக்கரத்தில் 24 போக்ஸ் கம்பி. பார்க்க லட்சணமாக இருந்தது. இரண்டு பையில் 15 கிலோ ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்குக் கிளம்பினேன். பொன்னேரி தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் 'டங்' என்று சத்தம். ஒரு கம்பி போச்சு. சக்கரம் நெளிந்து பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்துவிட்டது. தள்ளிக்கொண்டே போய் ஒரு சைக்கிள் கடையைப் பிடித்தேன். கடைப் பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "என்கிட்ட இருக்கிறதெல்லாம் பெரிய சைக்கிள் கம்பி தம்பி. அளவு சேர்ந்தாலும் மாட்ட வழியில்ல" என்றார். உடைந்தது பல்சக்கரம் இருக்கிற வலது பக்கம். பல்சக்கரக் கொத்தைக் கழற்றினால்தான் புதுக் கம்பி உள்ளே போகும். அதைக் கழற்றும் சாவி அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. கடைசியில் அவர் எதிர்ப்பக்கத்துக் கம்பி இரண்டை அரைச் சுற்று தளர்த்தி, பெண்ட் எடுத்து, "பொறுமையாப் போ, பள்ளத்துல இறங்காத" என்று அனுப்பி வைத்தார். இருபது ரூபாய்க்கு மேல் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

பெரும்பாலும் வலது பக்கக் கம்பிதான் உடையும். காரணம் இருக்கிறது. பல்சக்கரக் கொத்துக்கு இடம் விடுவதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய நேராக நிற்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் அவற்றைக் கூடுதலாக முறுக்கியாக வேண்டும். போதாக்குறைக்கு சாமான் எடையும் பின்னால்தான். அதனால் பின்சக்கரத்தில் 36 கம்பி இருந்தால் உத்தமம், 32-க்குக் கீழே வேண்டாம். மெஷினில் கோத்த சக்கரமானால் முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டரில் கம்பிகள் கொஞ்சம் தளரும். இலவச சர்வீஸில் முதல் வேலையாக அதைப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கும்போதே அதே நீளத்தில் நாலு கம்பியும் பல்சக்கரக் கொத்தைக் கழற்றும் சாவியும் கேட்டு வாங்கிவிடுங்கள். கம்பிகளை டேப் போட்டு ஃப்ரேமிலேயே ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு சோதனை. கடையிலேயே பின்னால் பையை மாட்டச் சொல்லி, உட்கார்ந்து பெடலைச் சுற்றுங்கள். குதிகால் பையில் இடிக்கிறதா? ரேஸ் சைக்கிளில் பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே 410 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். டூரிங் சைக்கிளில் அது 450-ஐ ஒட்டி வரும். அந்த நாலு சென்டிமீட்டர்தான் குதிகாலைக் காப்பாற்றுகிறது. நீங்கள் கன்னியாகுமரி போய்ச் சேர மிதிப்பது லட்சக்கணக்கான சுற்று, ஞாபகம் இருக்கட்டும்.

ஒன்றரை லட்சத்தையும் சைக்கிளிலேயே கொட்டிவிடாதீர்கள். என் கணக்கு, சைக்கிளுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். மீதியில் கேரியர், பை, பூட்டு, பம்ப், விளக்கு. பல சைக்கிள்கள் கேரியர் இல்லாமலேயே வரும், அதை மாட்ட ஓட்டை மட்டும் இருக்கும். அந்த ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டூபஸ் மாதிரி ஸ்டீல் கேரியர் விலை கூடுதல்தான், ஆனால் அவர்களுடைய கார்கோ மாடல் 40 கிலோ தாங்கும். ஆர்ட்லீப் மாதிரி வாயைச் சுருட்டி மூடும் பைக்குள் மழைத்தண்ணீர் போகாது. அதற்குக் காசு போதவில்லை என்றால் சாதாரணப் பைக்குள் தடிமனான பிளாஸ்டிக் கவர் போட்டு, அதற்குள் துணியை வையுங்கள். நான் ரொம்ப நாள் அப்படித்தான் ஓட்டினேன்.

பில்லில் வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

கே: ஒரு கடையில் 27 கியர் என்கிறார்கள், இன்னொரு கடையில் 16-தான், ஆனால் விலை அதிகம். எது நல்லது? ஏலகிரி ஏற வேண்டும் என்று ஆசை.
– வாசகர், பெரம்பூர்

ப: எண்ணிக்கையை விடுங்கள். மிக லேசான கியர் எவ்வளவு லேசு என்பதுதான் கேள்வி. முன்னால் இருக்கும் மிகச் சின்னப் பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் இருக்கும் மிகப் பெரியதில் எத்தனை பல் என்று கேளுங்கள். தெரியாது என்றால் குந்தி உட்கார்ந்து எண்ணுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். முன்னதைப் பின்னதால் வகுத்து 27-ஆல் பெருக்குங்கள் (27 என்பது கியர் எண்ணிக்கை இல்லை, சக்கரத்தின் குறுக்களவு, அங்குலத்தில்). சாதாரண ரோடு சைக்கிளில் 34-உம் 28-உம் இருக்கும், கணக்குப் போட்டால் 33 வரும். 26-உம் 34-உமாக இருந்தால் 21-க்குக் கொஞ்சம் கீழே. சாமானோடு மலை ஏற 20-ஐ ஒட்டி வர வேண்டும், அதற்கும் கீழே போனால் இன்னும் சௌகரியம்.

நம்ம பக்கத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. எர்ணாவூர் மேம்பாலம்தான் நமக்கு மலை. 33-லேயே எழுந்து நின்று மிதித்து ஏறிவிடுவீர்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் மூன்றாவதில் முட்டி பேச ஆரம்பிக்கும். கொல்லிமலைக்கு 70 வளைவு, அங்கே முட்டி திட்டும். அந்த 16 கியர்க்காரரிடம் பல் கணக்கைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பல்சக்கரமே வெளியே தெரியாமல் எல்லாவற்றையும் பின்சக்கர அச்சுக்குள் அடைத்த ரோலாஃப் என்ற ஜெர்மன் ஹப்பும் உண்டு, 14 கியர். அருமையான சாமான், ஆனால் அதன் விலைக்கு உங்கள் முழு சைக்கிளையும் வாங்கலாம். முதல் சைக்கிளுக்கு அது வேண்டாம்.

கே: விலை உயர்ந்த சைக்கிளில் டயர் போனால் இங்கே கிடைக்குமா? எங்கள் தெரு பஞ்சர் கடையில் காத்துகூட அடிக்க முடியவில்லை என்கிறார் நண்பர்.
– வாசகர், திருவொற்றியூர்

ப: நண்பர் சொல்வது நிஜம். என் சைக்கிளைப் பார்த்த பஞ்சர் கடை அண்ணன், "இன்னாபா இது, வால்வு பேனா ரீஃபில் மாதிரி கீது?" என்றார். அது பிரெஸ்டா வால்வு. கம்ப்ரசர் வாய் அதில் உட்காராது. சுண்டுவிரல் நுனி அளவில் பித்தளை அடாப்டர் ஒன்று கிடைக்கும். அதைத் திருகிவிட்டால் பைக்குக்குக் காத்தடிக்கிற வாயே போதும். இரண்டு வாங்கி ஒன்றைப் பர்ஸில் போடுங்கள், ஒன்று கண்டிப்பாகத் தொலையும்.

டயர் விஷயத்தில் பெட்டியில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள், பக்கவாட்டில் அச்சடித்த மில்லிமீட்டர் எண்ணைப் படியுங்கள். ரோடு, டூரிங் சைக்கிள்களில் வரும் 700 சி என்ற அளவு 622. நம்ம தாத்தா ஓட்டிய 28 அங்குலப் பெரிய சைக்கிள் டயர் 635. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 13 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அந்த டயர் இந்த ரிம்மில் நிற்காது. "28-ன்னா 28-தான் சார்" என்று வாதாடுகிற கடையில் நேரத்தை வீணாக்காதீர்கள். அதே சமயம் 29 அங்குல மலை சைக்கிள் டயரும் 622-தான். உங்கள் ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் அகலம் இருந்தால் அவசரத்துக்கு அதை மாட்டி ஊர் வந்து சேரலாம். அதனால் வாங்கும்போதே 40 மில்லிமீட்டர் டயர் தாராளமாகப் போகிற ஃப்ரேமாகப் பாருங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி ஓரத்து ஜல்லியில் இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கே: கார்பன் ஃப்ரேம்? ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்?
– வாசகர், வியாசர்பாடி

ப: கார்பன் வேண்டாம். ஹைட்ராலிக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் எண்ணெய் ஒழுகினால் நடுவழியில் ஒன்றும் செய்ய முடியாது. கேபிளில் ஓடும் டிஸ்க் பிரேக் போதும். கேபிள் அறுந்தால் எந்த ஊரிலும் ஒருவர் மாட்டித் தருவார்.

கே: என் உயரம் ஐந்தடி. கடையில் "சீட்டை இறக்கிக்கலாம் மேடம்" என்கிறார்கள். ஓட்டிப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் கழுத்து வலிக்கிறது.
– ஆசிரியை, கொளத்தூர்

ப: சீட்டை இறக்கினால் கால்தான் எட்டும். கைக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரம் அப்படியேதான் இருக்கும், கழுத்து வலி அங்கிருந்து வருகிறது. உங்களுக்கு வேண்டியது சின்ன ஃப்ரேம். சின்ன ஃப்ரேமில் பெரிய சக்கரத்தைத் திணித்தால் திரும்பும்போது கால் நுனி சக்கரத்தில் இடிக்கும். சர்லி கம்பெனியார் தங்கள் டிரக்கர் மாடலின் சின்ன அளவுகளுக்கு 26 அங்குலச் சக்கரம் போட்டது இதனால்தான். 26 என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மலை சைக்கிள்களில் வரும் 559 மில்லிமீட்டர் அளவாக இருந்தால் டயரும் டியூபும் சின்ன ஊரிலும் கிடைக்கும். உங்கள் அளவு கடையில் இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லுங்கள், காத்திருங்கள். இருக்கிற சைக்கிளை உங்கள் தலையில் கட்டுவது அவர்கள் சரக்குக் கவலை, உங்களுடையது இல்லை.

கே: பழைய ஸ்டீல் டூரிங் சைக்கிள் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வீடு காசிமேடு பக்கம், கடல் காற்று. ஸ்டீல் வாங்கலாமா?
– ஓய்வுபெற்றவர், ராயபுரம்

ப: வாங்கலாம், பார்த்து வாங்குங்கள். ஸ்டீல் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உறுதியான ஸ்டீல்) என்ற ஸ்டிக்கர் இருந்தால், எல்லாக் குழாயுமா அல்லது ஃபோர்க் மட்டுமா என்று கேளுங்கள். சைக்கிள் ஃப்ரேமுக்குப் பேர்பெற்ற ரெனால்ட்ஸ் 531 ஸ்டீல் குழாய் 1935-லேயே வந்தது. அதில் செய்த பழைய சைக்கிள்கள் இன்றும் ஓடுகின்றன, ஆகவே வயது ஒரு குறை அல்ல.

சோதிக்க வேண்டியது சீட்டுக் கம்பி. விற்பவர் எதிரிலேயே போல்ட்டைத் தளர்த்தி அதை உருவிப் பாருங்கள். ஸ்டீல் ஃப்ரேமுக்குள் அலுமினியக் கம்பி, நடுவே உப்புக் காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் கம்பி உள்ளேயே பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கம்பி வரவில்லையா, பேரம் பேசவே வேண்டாம். வந்துவிட்டால் அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தூளாக மேல்துரு இருந்தால் பரவாயில்லை, செதில் செதிலாக உதிர்ந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். வாங்கிய பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கம்பியை உருவி கிரீஸ் தடவுங்கள்.

பாதி விலை என்று சந்தோஷப்படுமுன் இன்னொன்று. பல கம்பெனிகள் ஃப்ரேம் வாரண்டியை முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் தருகின்றன. நீங்கள் இரண்டாவது ஆள்.

கே: புது சைக்கிள், மூன்றாவது வாரத்தில் ஃப்ரேமில் வெல்டிங் பக்கம் விரிசல். கடைக்காரர் பில்லின் அடியில் இருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரியைக் காட்டுகிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், மணலி

ப: முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள். விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். ஃப்ரேமுக்கு அடியில் பொறித்த எண்ணையும் சேர்த்து எடுங்கள். பில்லில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். தெருமுனையில் வெல்டு வைத்துவிடாதீர்கள், வாரண்டி அங்கேயே செத்துவிடும்.

பில்லில் அப்படி அச்சடித்துவிட்டதால் குறைபாடுள்ள பொருளுக்கு அவர் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. பொருளில் குறை இருந்தால், பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தராமல் இருப்பதும் அதே கணக்குதான். உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது, அதனால் இன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்ஆப்போடு நிறுத்தாமல் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்கும் ஒரு நகல்.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையம். வடசென்னைக்கென்று தனி ஆணையம் இருக்கிறது. கடை பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. கெடு இரண்டு வருஷம்.

அதுவரை சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு வரச் சொன்னால், எந்தத் தேதியில், எந்த எண் ஃப்ரேமை, என்ன விரிசலோடு வாங்கிக்கொண்டோம் என்று கடை முத்திரையோடு ஒரு துண்டுச் சீட்டு வாங்காமல் படி இறங்காதீர்கள்.