ஐந்து நாள், தனிப் பயணம்: பொலோனியாவில் தங்குங்கள், ரவென்னாவை விட்டுவிடாதீர்கள்

கேள்வி: இத்தாலிக்குத் தனியாகப் போகிறேன். ஐந்து நாள்தான் இருக்கிறது. பழைய நகரங்களைப் பார்க்க எப்படித் திட்டம் போடலாம்?

நானும் ஐந்து நாள்தான் போனேன், தனியாகத்தான். முதலில் எழுதிய பட்டியலில் ரோம், புளோரன்ஸ், வெனிஸ், மிலான் நான்குமே இருந்தன. ரயில் நேரங்களைக் குறித்துப் பார்த்தபோதுதான், பெட்டியோடு அலைவதிலேயே பாதிப் பொழுது போய்விடும் என்று புரிந்தது. தனியாகப் போனால் பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. கழிப்பறைக்குக்கூட அதை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ரோமும் வெனிஸும் இன்னொரு முறைக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வட இத்தாலியில் உள்ள பொலோனியாவில் ஒரே அறையில் தங்கிவிட்டேன். அங்கிருந்து அதிவேக ரயிலில் புளோரன்ஸுக்கு 40 நிமிடம்கூட ஆகாது. ரவென்னாவுக்குச் சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சாதாரண ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். இல்லையென்றால் அபராதம்.

பொலோனியா தனியாக நடப்பவர்களுக்கு ஏற்ற ஊர். தெருவோரமெல்லாம் தூண் வைத்த தாழ்வாரங்கள், பழைய நகருக்குள் மட்டும் 38 கிலோமீட்டருக்கு. மழை பெய்தாலும் நனையாமல் நடக்கலாம். சான் லூக்கா குன்றுக்கு ஏறும் தாழ்வாரத்துக்கு 666 வளைவுகள். மாலையில் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து ஏறினேன். மூச்சு வாங்கியது, ஆனால் நின்று நின்று போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

புளோரன்ஸில் கூட்டம் அதிகம். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல், சான் மார்கோ மடத்துக்குக் கட்டாயம் போங்கள். துறவிகள் தங்கிய சின்னச் சின்ன அறைகளில், அறைக்கு ஒன்றாக, ஓவியரான துறவி ஃப்ரா ஆஞ்சலிக்கோவும் உதவியாளர்களும் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. ஒரு அறை வாசலில் ஓவியத்தோடு நான் மட்டும் கால் மணி நேரம் நின்றேன்.

இனி ரவென்னா. கி.பி. 402-ல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரம் மிலானிலிருந்து இங்கே மாறியது. சுற்றிலும் சதுப்பு நிலம், எதிரிப் படை எளிதில் நெருங்க முடியாது என்பதுதான் காரணம். இங்குள்ள ரோமப் பேரரசி கல்லா பிளாச்சிதியாவின் நினைவிடத்தை வெளியே பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டடம். உள்ளே நுழைந்ததும் இருட்டு. ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் ஒளி கசியும் அலபாஸ்டர் கல், அதன் வழியாகத் தேன் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம். கண் பழகப் பழக, தலைக்கு மேலே கருநீல வானமும் தங்க நட்சத்திரங்களும் தெளிந்து வந்தன. அத்தனையும் மொசைக், அதாவது விரல் நகத்தைவிடச் சிறிய சில்லுகளைப் பதித்துச் செய்த ஓவியம். ஐந்து நிமிடம்தான் உள்ளே விட்டார்கள். அதற்குள் பேச்சு வராமல் நின்றுவிட்டேன். பக்கத்திலேயே 547-ல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விதாலே தேவாலயம். அங்கே ஜஸ்டினியன் பேரரசரின் மொசைக் முன்னால் இரண்டடி நகர்ந்து பாருங்கள், தங்கம் மின்னும் இடம் மாறும். சில்லுகளை ஒரே மட்டமாகப் பதிக்காமல் சற்றுச் சாய்த்துச் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள்.

புளோரன்ஸை முதல் நாளும் ரவென்னாவை மறுநாளும் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது: இத்தாலியக் கவிஞர் தாந்தேவை 1302-ல் சொந்த ஊரான புளோரன்ஸ் நாடு கடத்தியது. 1321-ல் அவர் ரவென்னாவில் இறந்தார். பிற்பாடு புளோரன்ஸ் எலும்புகளைக் கேட்டு, போப்பின் அனுமதியும் வாங்கி ஆள் அனுப்பியது; கல்லறைப் பெட்டியைத் திறந்தால் காலி. ரவென்னாவின் துறவிகள் எடுத்து ஒளித்துவிட்டார்கள். 1865-ல்தான் கிடைத்தன. புளோரன்ஸின் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் அவருக்குக் கட்டிய பெரிய கல்லறையில் இன்றும் எதுவும் இல்லை. அதை முதல் நாள் பார்த்துவிட்டு, மறுநாள் ரவென்னாவின் அமைதியான தெரு முனையில் சின்ன மண்டபத்துக்குள் நுழைந்தேன். மேலே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு ஆண்டுதோறும் செப்டம்பரில் எண்ணெய் கொண்டுவந்து கொடுப்பது புளோரன்ஸ்.