எங்கே போய் நிற்பது? (ஜாஸ் பியானோ பற்றி ஒரு கடிதம்)

அன்புள்ள ஐயாவுக்கு,

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சர்ச்சில் ஞாயிறுதோறும் கீபோர்ட் வாசிக்கிறேன். முகூர்த்த நாட்களில் தருமபுரி ஆர்கெஸ்ட்ரா ஒன்றுடனும் போவேன். கொஞ்ச காலமாக ஆன்லைனில் ஜாஸ் பியானோ கற்றுக்கொள்கிறேன். ஸ்கேல், கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) எல்லாம் பன்னிரண்டு சுருதியிலும் வருகிறது. ஆனால் சொந்தமாக சோலோ வாசிக்கச் சொன்னால் ஸ்கேல் பிராக்டிஸ் மாதிரியே இருக்கிறது. "இடம் விட்டு வாசியுங்கள்" என்றார் ஆசிரியர். விட்டுப் பார்த்தேன். அதே ஸ்கேல் இப்போது துண்டு துண்டாகக் கேட்கிறது, அவ்வளவுதான். ஃப்ரேஸிங், அதாவது நோட்டுகளை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து வாசிப்பது, கற்றுக்கொள்ளக் கூடியதா, இல்லை சின்ன வயதிலிருந்தே அந்த இசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மட்டும் வருவதா? இந்தப் பக்கம் ஜாஸ் கேட்கிற ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. 88 கீ பியானோ வாங்கினால் சரியாகுமா?

ச., கிருஷ்ணகிரி

அன்புள்ள ச.,

உங்கள் ஆசிரியர் சொன்னதில் தப்பில்லை. பாதியோடு விட்டுவிட்டார். இடம் விடு என்று எல்லோரும் சொல்கிறார்கள், எதற்குப் பிறகு விடுவது என்று யாரும் சொல்வதில்லை. ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் பஸ் நின்றால் யாரும் இறங்க மாட்டார்கள், என்ன ஆச்சு என்று எட்டித்தான் பார்ப்பார்கள். ஃப்ரேஸ் ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்திருந்தால்தான் அதற்குப் பின்னால் வரும் மௌனம் காதுக்கு இதமாக இருக்கும். சேராமல் நின்றால் வாசிக்கிறவர் அடுத்தது மறந்துவிட்டார் போலிருக்கிறது என்றே தோன்றும். அதனால் இப்போதைக்கு இடைவெளியை மறந்துவிட்டு முடிவுகளைக் கவனியுங்கள்.

ஜாஸில் அடிக்கடி வரிசையாக வரும் மூன்று கார்டை எடுத்துக்கொள்வோம்: டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பீர்கள். டி மைனர் செவனில் சி நோட் இருக்கிறது. ஜி செவன் வந்ததும் அது அரை ஸ்வரம் இறங்கி பி ஆகிறது. டி மைனரில் இருக்கும் எஃப் நோட் ஜி செவனிலும் அப்படியே நிற்கிறது. சி மேஜர் வந்ததும் அது அரை ஸ்வரம் இறங்கி இ ஆகிறது. கார்ட் மாறியது என்று காதுக்குச் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டு சின்ன இறக்கங்கள்தான். வலது கையில் எதை வேண்டுமானாலும் வாசியுங்கள், சி மேஜர் வரும்போது இ நோட்டில் வந்து நில்லுங்கள். நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை அதே ஃப்ரேஸை சி நோட்டில் முடித்துப் பாருங்கள். ஆமென் போட்ட மாதிரி இருக்கும். சர்ச் பழக்கம் உங்களை அங்கேதான் இழுக்கும், அதில் ஆச்சரியமில்லை. சபையே சேர்ந்து மூச்சு விட வேண்டிய பாட்டில் வரி பலமான பீட்டில், நீளமான நோட்டில்தான் முடிய வேண்டும். ஜாஸில் அந்த இ நோட் பல சமயம் அரை பீட் முன்னாலேயே வந்துவிடும். நாலாவது பீட் போய், அடுத்த பாரின் (நாலு பீட் சேர்ந்தது ஒரு பார்) முதல் பீட் வருவதற்குள் விழும். கார்ட் பிறகுதான் வரும்.

தொடக்கமும் அப்படியே. ஸ்கேல் மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சொல்வதற்குப் பாதிக் காரணம், எல்லா ஃப்ரேஸையும் முதல் பீட்டில் தொடங்குவது. நம் கச்சேரியில் எடுப்பு என்று ஒன்று உண்டே. தாளம் தொடங்கும் முன்பே பாட்டு வந்தால் அதீதம், தாளம் தொடங்கிய பிறகு வந்தால் அனாகதம். ஒரே நாலு நோட்டை எடுத்து இன்று முதல் பீட்டில், நாளை அரை பீட் தள்ளி, மறுநாள் இரண்டாவது பீட்டில் என்று நகர்த்துங்கள். நோட்டு மாறாமலே வேறு ஃப்ரேஸ் கிடைக்கும்.

இனி பியானோவுக்கே உரிய தொல்லை. டிரம்பெட்காரருக்கு மூச்சு முடிந்தால் ஃப்ரேஸும் முடியும். நமக்கு விரல் ஓடிக்கொண்டே இருக்கும், எவரும் தடுக்க மாட்டார்கள். போதாததற்கு பியானோவில் அடித்த நோட் உடனே தேய ஆரம்பிக்கிறது. தேய்வது பயமாக இருப்பதால் அடுத்த நோட்டைப் போட்டு நிரப்பிவிடுகிறோம். இதற்கு மருந்து உங்களிடமே இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவில் ஃப்ளூட் வாசிக்கிறவர் வராத நாளில் ஃப்ளூட் பிட்டை நீங்கள்தானே கீபோர்டில் வாசிக்கிறீர்கள்? அப்போது உங்கள் கை எங்கே எழும்புகிறது என்று பாருங்கள். அசல் பாட்டில் ஃப்ளூட்காரர் மூச்சு எடுத்த இடத்தில் எழும்பும், ஏனென்றால் அந்த பிட் உங்களுக்கு அப்படித்தான் மனப்பாடம். அதே ஃப்ளூட் டோனைப் போட்டுக்கொண்டு ஜாஸ் பயிற்சி செய்யுங்கள். அந்த டோனில் கீயை அழுத்தியிருக்கும் வரை சத்தம் நிற்காது. எங்கே விடுவது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கையை எடுத்த பிறகும் சத்தத்தை நீட்டும் சஸ்டெயின் பெடலையும் கொஞ்ச நாள் கழற்றி வையுங்கள். அது எல்லா முடிவையும் மூடி மறைத்துவிடும்.

பட் பவல், ஆஸ்கர் பீட்டர்சன், கீத் ஜாரெட் ஆகியோரின் ரெக்கார்டுகளில் பியானோவோடு ஒரு முனகலும் கேட்கும். எனக்கு அது கோணங்கித்தனமாகப் படவில்லை. பாடிக்கொண்டே வாசித்தால் மூச்சு உள்ளே வந்துவிடுகிறது. லென்னி ட்ரிஸ்டானோ என்ற பியானோ கலைஞர் தம் மாணவர்களை லெஸ்டர் யங்கின் சாக்ஸஃபோன் சோலோக்களை ரெக்கார்டோடு சேர்ந்து வாயால் பாடச் சொல்வார். வாத்தியத்தில் வாசிப்பது அதற்குப் பிறகுதான். நீங்கள் பியானோவிலிருந்தே தொடங்கலாம். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' என்ற ப்ளூஸ் இருக்கிறது. அந்த ஒரு டிராக்கில் மட்டும் பியானோ வின்டன் கெல்லி. முதல் சோலோ அவருடையது. அதில் முதல் பன்னிரண்டு பாரை மட்டும் பைக்கில் போகும்போதும் குளிக்கும்போதும் முணுமுணுக்கிற அளவுக்குக் கேளுங்கள். கீபோர்டைத் தொட அவசரப்பட வேண்டாம். யூடியூபில் 'பத்து ஜாஸ் லிக்' என்று ரெடிமேட் ஃப்ரேஸ்களை விற்கிறார்களே, அதைவிட இது எவ்வளவோ மேல். எவரோ பேசியதிலிருந்து நறுக்கி எடுத்த வாக்கியங்கள் அவை. எதற்குப் பதிலாகச் சொன்னார் என்பது அதில் இருக்காது.

இந்தப் பக்கம் ஜாஸ் கேட்கிற ஆளில்லை என்கிறீர்கள். சரி. திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது ஒரு ராத்திரி கூத்தில் போய் உட்காருங்கள், தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் அதற்குப் பஞ்சமில்லை. வேஷக்காரர் ஒரு வரி பாடுவார், பின்பாட்டுக்காரர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள், முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் அந்த வரியின் வாலைப் பிடித்துக்கொண்டு போகும். வரி எங்கே முடியும் என்று தெரியாதவர் அங்கே உள்ளே நுழைய முடியாது. கூத்தும் ப்ளூஸும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, அந்த மாதிரிக் கட்டுரைகள் எனக்கு அலர்ஜி. ஆனால் பன்னிரண்டு பார் ப்ளூஸின் அமைப்பைப் பாருங்கள். நாலு நாலு பாராக மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் பாட்டு ஏறக்குறைய முதல் இரண்டு பாரில் முடிந்துவிடும், மிச்சம் கிடாருக்கோ பியானோவுக்கோ பதில் சொல்ல. முதல் வரியே இரண்டாவதாகவும் வரும். மூன்றாவது அதற்குப் பதில்.

அதையே பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பார் வாசியுங்கள், இரண்டு பார் சும்மா இருங்கள். பிறகு அதையே அப்படியே திரும்ப வாசியுங்கள். இங்கேதான் மாட்டுவீர்கள். இரண்டு பாருக்கு முன் என்ன வாசித்தோம் என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்காது, விரல் வாசித்தது, காது கேட்கவில்லை. திரும்ப வாசிக்க முடிகிற அளவுக்கு ஃப்ரேஸைச் சுருக்குங்கள். மூன்று நோட் என்றாலும் சரி. ட்யூக் எலிங்டனின் 'சி ஜாம் ப்ளூஸ்' மெட்டில் இருப்பதே ஜி, சி என்ற இரண்டு நோட்தான். எது எந்த பீட்டில் விழுகிறது என்பதை வைத்தே அது பாட்டாகிறது. கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சீக்கிரம் வரலாம், மறுக்கவில்லை. ஆனால் இதில் எதுவும் பிறவியிலேயே வருகிற சமாச்சாரமாக எனக்குத் தெரியவில்லை.

மௌனம் நன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்க அகமத் ஜமால் ட்ரியோ 1958இல் சிகாகோவின் பெர்ஷிங் ஓட்டலில் பதிவு செய்த 'பாயின்சியானா'வைப் போட்டுக் கேளுங்கள். பியானோ ஒதுங்கி நிற்கும்போது பேஸும் டிரம்ஸும் எப்படிக் கேட்கின்றன என்று கவனியுங்கள். ஜமால் வாசிக்காமல் விட்ட இடங்களில் மைல்ஸ் டேவிஸே சொக்கிப்போனார்.

88 கீ இப்போது வேண்டாம். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் 61 கீ தாராளம். ஆனால் உங்கள் கீபோர்ட் டச் சென்சிடிவ் (அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் கூடிக் குறைவது) இல்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். ஜாஸ் ஃப்ரேஸில் சில நோட் அழுந்தி விழும், சில கேட்டும் கேட்காமலும் போகும். எல்லாம் ஒரே சத்தத்தில் வந்தால் கெல்லியின் சோலோவை நோட் பிசகாமல் வாசித்தாலும் டைப் அடித்த மாதிரிதான் கேட்கும். செகண்ட் ஹேண்டில் நல்லதாகவே கிடைக்கும். வாங்கும்முன் மெதுவாக ஒரு முறை, அழுத்தி ஒரு முறை அடித்துப் பார்த்து வாங்குங்கள்.