ஆங்கிலத்தில் 'ஷி ஸ்பீக்ஸ்' சரி, 'ஷி கேன் ஸ்பீக்ஸ்' ஏன் தவறு?

கேள்விக்கான விடை தமிழிலேயே இருக்கிறது. போகிறேன், போகிறாள், போகிறார்கள் என்று வினை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆனால் நான் போகலாம், அவள் போகலாம், அவர்கள் போகலாம் என்னும்போது எதுவும் மாறுவதில்லை. கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் ஆகிய 9 சொற்களும் அப்படித்தான். அவற்றோடு 'எஸ்' சேராது. பின்னால் வரும் வினையும் வெறும் வடிவில்தான் நிற்கும். அதனால் 'ஷி கேன் ஸ்பீக்'. இந்தச் சொற்களில் இரண்டை அடுத்தடுத்துப் போடவும் முடியாது: 'வில் கேன்' இல்லை, 'வில் பி ஏபிள் டு'.

அர்த்தத்திலும் தமிழ் கைகொடுக்கும். 'உள்ளே வரலாம்' என்றால் அனுமதி, 'சாயங்காலம் மழை வரலாம்' என்றால் வாய்ப்பு. இரண்டுக்கும் 'மே' பொருந்தும்.

நிறைய பேர் தடுமாறுவது 'மஸ்ட்' விஷயத்தில். 'எழும்பூரில் இறங்க வேண்டும்' என்பதற்கு 'மஸ்ட்', 'ஹேவ் டு' இரண்டுமே சரி. எதிர்மறையில்தான் வழி பிரிகிறது. 'மஸ்ட் நாட்' என்றால் 'கூடாது'. எழும்பூர் ஸ்டேஷனில் தண்டவாளத்தைக் கடக்கக் கூடாது என்பதற்கு அது சரி. 'டோன்ட் ஹேவ் டு' என்றால் 'தேவையில்லை'. கிண்டியில் நான் வேலை பார்த்தபோது, 'நாளை நீங்கள் வரத் தேவையில்லை' என்று சொல்ல நினைத்த ஒருவர் வாடிக்கையாளருக்கு 'யூ மஸ்ட் நாட் கம்' என்று எழுதிவிட்டார். வாசலில் தடுத்த மாதிரி அந்த வாடிக்கையாளர் மனம் புண்பட்டார். அனுப்புவதற்கு முன் 'கூடாதா, தேவையில்லையா?' என்று தமிழில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.